பின்சுவர் ஏறிய கால்கள்

எங்கள் குடியிருப்பின் பின்சுவரைப் பூங்காவனம் முதன்முதலாக ஏறி இறங்கியபோது அவளுக்கு வயது ஐம்பத்தாறு. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. சுவருக்கு இந்தப் பக்கம் காலை நடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசியபடி நடந்துகொண்டிருந்தோம். முதலில் சுவர்மேல் ஒரு தூக்குச்சட்டி தெரிந்தது. அப்புறம் ஒரு தலை. அப்புறம் புடவையை இழுத்துச் செருகியிருந்த பூங்காவனம் முழுசாக எழுந்து, உச்சியில் சற்று நின்று, காகிதப்பூச் செடிக்குச் சேதாரமில்லாமல் இந்தப் பக்கம் இறங்கினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்," என்றாள் எல்லோருக்கும் பொதுவாக. "நான் ஏறல. கால் ஏறிச்சு."

அவள் சொன்னது உண்மைதான். இடுப்பிலிருந்து பாதம் வரை அவள் மாட்டியிருந்தது துணைக்கால். மெல்லிய கம்பிகள், பட்டைகள், முட்டிக்கு ஒரு மோட்டார். மூட்டுத் தேய்ந்த தொழிலாளர்களுக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது. போகிற இடத்தை வாயால் சொல்லிவிட்டால், உடம்புக்கு எந்த வழியில் செலவு குறைவோ அந்த வழியில் கூட்டிப் போகும். வேண்டாம் என்று காலை அழுத்தி ஊன்றினால் நின்றுவிடும். பூங்காவனம் ஊன்றவில்லை. அவள் எதற்கு ஊன்ற வேண்டும்?

இதில் எனக்குப் பெருமை பாதி, தலைவலி பாதி. அந்தக் காலுக்கு வழி சொல்லும் சூத்திரத்தை எழுதியவள் என் மனைவி தமயந்தி. அந்தக் காலில் பூங்காவனம் வீட்டுவேலைக்கு வந்து சேர்கிற முதல் வீடும் எங்கள் வீடுதான். நான் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உலகத்தைக் கிண்டல் செய்து பொழுதைப் போக்குகிறவன். அன்று அவள் உள்ளே வந்ததும், "வாங்க எவரெஸ்ட் நாயகி, கொடி நட்டாச்சா?" என்றேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எங்களுக்குள் அப்படி ஒரு ராசி.

மந்தாரம் கார்டன்ஸ் இருப்பது சென்னைக்குத் தெற்கே, சதுப்பு நிலம் முடிகிற இடத்தில். மூன்று பிளாக், பதினாலு மாடி. பின்சுவரை ஒட்டி அந்தப் பக்கம் பாறைமேடு. எங்கள் பாத்திரம், எங்கள் துணி, எங்கள் தரை எல்லாவற்றையும் சுத்தமாக வைத்திருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் வாசல் இருப்பது முன்பக்கம், பெருஞ்சாலையைப் பார்த்து. பாறைமேட்டிலிருந்து சுவரைச் சுற்றி, குட்டையைச் சுற்றி, சாலை வழியாக உள்ளே வர ஒன்றரைக் கிலோமீட்டர். சுவர் ஏறினால் எங்கள் சமையலறை ஜன்னல் கைக்கெட்டும் தூரம்.

ஒரு கால் கற்றுக்கொண்டதை மற்ற கால்களுக்கும் சொல்லிக்கொடுக்கும். அதுதான் தமயந்தியின் சூத்திரத்தில் எல்லோரும் பாராட்டிய அம்சம். ஒரே வாரத்தில் காலை ஆறரைக்குப் பின்சுவரில் பெண்கள் வரிசையாக ஏறி இறங்க ஆரம்பித்தார்கள். பி பிளாக்கில் ஒருவர் பால்கனியில் யோகா செய்வதை நிறுத்திவிட்டார். மனசு ஒருமுகப்படவில்லையாம்.

எங்கள் நலச்சங்கத் தலைவர் வேதமூர்த்தி பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சமாசாரம் அவருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. உடனே ஆள் வைத்துச் சுவரை இரண்டு அடி உயர்த்தினார். கால்கள் ஏறின. இன்னும் இரண்டு அடி உயர்த்தினார். கால்கள் கொஞ்சம் மூச்சு வாங்கி ஏறின. பொதுக்குழுவைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் தமயந்தியை எழுப்பி நிறுத்தினார்.

"நீங்கதானேம்மா இதுக்குக் கணக்குப் போட்டவங்க? எவ்வளவு உயரம் வெச்சா ஏறாம சுத்திப் போகும்? அதை மட்டும் சொல்லுங்க, நாங்க கட்டிக்கிறோம்."

"நாப்பது மாடி சார்," என்றாள் தமயந்தி.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான்தான்.

"விளையாடாதீங்கம்மா."

"விளையாடல சார். ஒரு அடி மேல ஏர்றதுக்கு உடம்பு செலவழிக்கிறதும் சமதரையில பன்னண்டு அடி நடக்கச் செலவழிக்கிறதும் ஏறக்குறைய ஒண்ணு. அதனாலதான் ரோட்டுல ஒரு கட்டை கிடந்தா நாம தாண்டாம சுத்திப் போறோம். ஆனா நீங்க அவங்களை ஒன்றரைக் கிலோமீட்டர் சுத்த விடறீங்க. அதைவிட ஏர்றது நஷ்டமாகணும்னா சுவர் நூறு மீட்டருக்கு மேல போகணும். நம்ம பில்டிங்கே அவ்வளவு உயரம் இல்ல."

"அப்ப ஒண்ணு பண்ணலாம்," என்றார் வேதமூர்த்தி. "துணைக்கால் மாட்டினவங்க வளாகத்துக்குள்ள வரக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுடலாம்."

நான் சிரிப்பை நிறுத்தினேன். துணைக்கால் இல்லாமல் பூங்காவனத்தால் எங்கள் மாடிப்படிகூட ஏற முடியாது. வேலை போனால் அவள் கதி என்ன என்பது ஒரு பக்கம். அவள் வராவிட்டால் எங்கள் கதி என்ன என்பது இன்னொரு பக்கம். எந்தப் பக்கத்தை நினைத்துச் சிரிப்பை நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள், இரண்டும் கலந்துதான்.

தமயந்தி உட்காரவில்லை. "சுவர்லயே ஒரு சின்ன கேட் வைங்க சார். பக்கத்துலயே சமதரையில வழி இருந்தா எந்தக் காலும் ஏறாது. கணக்கு அப்படி."

பேரம் நடந்தது. கடைசியில் சின்ன கேட் வைப்பது என்றும், அதற்குப் பிறகும் ஒரு கால் சுவர் ஏறினால் துணைக்காலுக்குத் தடை என்றும் முடிவாயிற்று. தமயந்தி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அவளுக்குத் தன் கணக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கேட் வைத்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் நிரஞ்சன் என்ற ஒடிசாக்காரக் காவலாளி. முதல் இரண்டு நாள் எல்லாக் கால்களும் அந்த வழியே ஒழுங்காக வந்து போயின. தமயந்தி அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை பூங்காவனம் திறந்து கிடந்த சின்ன கேட் வரைக்கும் வந்தாள். கால் நின்றது. பக்கவாட்டில் திரும்பியது. நாலடி தள்ளிப் போய்ச் சுவரில் ஏறியது. பின்னால் வந்தவர்களும் அப்படியே.

காலை நடையில் இருந்த வேதமூர்த்திக்கு வந்த சந்தோஷத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். "கேட்டைத் தொறந்து வெச்சிருக்கேன், பக்கத்துல சுவர் ஏறுது. உங்க வீட்டம்மா மிஷினுக்கு மறை கழண்டு போச்சு சார்," என்றார். ஞாயிற்றுக்கிழமை தீர்மானம்.

அன்று பூங்காவனம் உள்ளே வந்தபோது, "என்ன, ராஜபாட்டை போட்டுக் குடுத்தாலும் ராணி கோட்டைச் சுவர்தான் ஏறுவீங்களோ?" என்றேன். அவள் சிரித்தாள். தமயந்தி சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பூங்காவனம், உன் காலோட பதிவை நான் பாக்கலாமா? உனக்கு இஷ்டம் இல்லேன்னா வேணாம்."

"அதுல இன்னாம்மா இருக்குது. பாத்துக்கங்க."

திரையில் ஒரு வரைபடம் விரிந்தது. பாறைமேட்டிலிருந்து எங்கள் பிளாக் வாசல்படி வரை ஒரு கோடு. செலவு குறைந்த இடம் பச்சை, கூடினால் மஞ்சள், மிகவும் கூடினால் சிவப்பு. சுவர் இருந்த இடத்தில் மஞ்சள். சமதரையான சின்ன கேட்டில் நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு.

"இது எப்படி?" என்றேன். "அங்க ஏர்றதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"உடம்பு எவ்வளவு செலவழிக்குதுன்னு காலுக்கு நேரா தெரியாதுங்க. நெஞ்சு துடிக்கிறதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்குது. சுவர் ஏறும்போது துடிப்பு ஏறுது, இறங்கினதும் அடங்கிடுது. திரும்பிப் போகும்போது இந்த கேட்ல சும்மா நிக்கும்போதே ஏறுது. வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அடங்கல. அதான் காலைல வரும்போதும் அந்த இடத்தை ஒதுக்குது." தமயந்தி பூங்காவனத்தைப் பார்த்தாள். "அங்க என்ன நடக்குது?"

பூங்காவனம் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "ஒண்ணும் இல்லம்மா. போம்போது தூக்கைத் தொறக்கச் சொல்லுவாங்க. கொயம்பு இருந்தா யார் குட்த்ததுன்னு கேப்பாங்க. இன்டர்காம் போட்டு வீட்ல கேப்பாங்க. நீங்க குளிச்சிக்கினு இருப்பீங்க, எடுக்க மாட்டீங்க. அது வரிக்கும் ஓரமா நிக்கணும். வாக்கிங் போறவங்க பாத்துக்கினே போவாங்க. அந்தப் பையன் மேல தப்பு இல்ல, அவனை அப்டிச் செய்யச் சொல்லிக்கீறாங்க."

"முன் கேட்லயும் இதேதானே?"

"அங்கயும்தான். எத்தினி வருசமா."

தமயந்தி திரையில் அந்தச் சிவப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். "ஒன்றரை ஆள் உயரச் சுவரைவிட இது பெருசா இருக்கு," என்றாள் கடைசியில். அவள் சூத்திரம் தப்பாகவில்லை என்று தெரிந்த நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் அந்தச் சிவப்புப் புள்ளியைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். மூன்று பிளாக்கும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. "மிஷின் சரியாத்தான் இருக்கு. தடை சுவர் இல்ல சார், உங்க கூண்டுதான். அதைத் தாண்டுறதைவிடச் சுவர் ஏர்றது உடம்புக்கு லேசா இருக்கு."

"அதுக்கு என்னம்மா பண்ணச் சொல்றீங்க? அவங்க நெஞ்சைத் துடிக்காதேன்னு சொல்லவா?"

"தூக்குச்சட்டியைத் தொறக்காதேன்னு நிரஞ்சன்கிட்ட சொன்னாப் போதும்."

நானும் எழுந்து பேசினேன். மிச்சக் குழம்பைக் கடத்திக்கொண்டு போய் யாரும் மாளிகை கட்டியதாகத் தெரியவில்லை, எங்கள் வீட்டுக் குழம்பை நானே சாப்பிடப் பயப்படுகிறேன் என்றேன். நல்ல கைதட்டல். ஆனால் தீர்மானத்தைத் தோற்கடித்தது தமயந்தியின் புள்ளியும் இல்லை, என் பேச்சும் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை. துணைக்கால் தடையானால் தொட்டியில் கிடக்கிற பாத்திரத்தை யார் தேய்ப்பது என்று சி பிளாக்கில் ஒரு அம்மாள் எழுந்து கேட்டார். அத்தோடு முடிந்தது. சோதனை ரத்து. கூண்டை எடுத்து, அந்த இடத்தில் துளசிச் செடி வைத்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து எல்லாக் கால்களும் சின்ன கேட் வழியாக, நேராக, தலை நிமிர்ந்து வந்தன. சுவர்ப் பக்கம் ஒரு கால்கூடத் திரும்பவில்லை. சண்டை போட்டுக் காப்பாற்றிய பூங்காவனம் எங்களுக்கு இன்னும் ரொம்ப நெருங்கிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. தினமும் காலை அவளுக்கு ஒரு புதுப் பட்டம் யோசித்து வைத்திருப்பேன். ஒருநாள் படைத்தளபதி, ஒருநாள் கலெக்டர் அம்மா. விருந்தாளி வந்தால் அவளைக் கூப்பிட்டு, "சுவரை எப்படி ஏறுவேன்னு சாருக்குச் செஞ்சு காட்டு," என்பேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பொய்யாக ஒரு காலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள். அவள் சுவர் ஏறுகிற வீடியோ எங்கள் குடும்பக் குரூப்பில் பிரபலம். சிங்கப்பூரிலிருந்து என் அக்கா நலம் விசாரிப்பாள்.

கேட் விவகாரம் தமயந்தியின் கம்பெனியில் பெரிய பேச்சாகிவிட்டது. வழியில் இருக்கிற தடையைக் கால் கண்டுபிடிக்கிறது என்றால், வேலையில் இருக்கிற தடையையும் கண்டுபிடிக்கலாமே என்று அவளுக்கு யோசனை. ஆறு வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு எந்த வீட்டில் உடம்பு அதிகம் போகிறது என்று கால் சொல்லும். ஆள் பற்றாக்குறை இருக்கிற இந்த நாளில் அவர்கள் வீட்டைப் பொறுக்கிக்கொள்ளலாம். இரவு பகலாக உட்கார்ந்து எழுதி முடித்தாள்.

"இனி வேதமூர்த்தி வீட்டுல ஒருத்தரும் நிக்க மாட்டாங்க, பாருங்க," என்றாள்.

"அந்த வீட்டம்மா குரலுக்கே துணைக்கால் ரெண்டு மாட்டணும்," என்றேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அது நடைமுறைக்கு வந்த வாரம் பூங்காவனம் வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தோம். புதன்கிழமை பால்கனியிலிருந்து பார்த்தேன். சின்ன கேட் வழியாக உள்ளே வந்தாள், எங்கள் பிளாக் வாசலைத் தாண்டினாள், சி பிளாக்குக்குப் போனாள். வேதமூர்த்தி இருப்பது சி பிளாக்கில்.

தமயந்தி போன் செய்தாள். பூங்காவனம் மரியாதையாகத்தான் பேசினாளாம். வேறு இடத்தில் வேலை சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். பதிவைப் பார்க்கட்டுமா என்று இவள் கேட்டதற்கு, "பாத்துக்கங்கம்மா, நீங்க பாத்தா நல்லதுதான்," என்றிருக்கிறாள்.

பழைய வரைபடம்தான். ஆனால் முன்பு தமயந்தி கோட்டைப் பிளாக் வாசல்படியோடு நிறுத்தியிருந்தாள். வீடு என்பது போய்ச் சேருகிற இடம், அதற்குள் வழி ஏது, தடை ஏது என்று அவள் எண்ணம். எனக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை. இப்போது கோட்டை உள்ளே நீட்டினாள். படிக்கட்டு பச்சை. சமையலறை மஞ்சள். குளியலறை தேய்க்கும் இடம் மஞ்சள். சாப்பாட்டு மேசைக்கு எதிரே, சமையலறைக்குத் திரும்புகிற இடத்தில், ஒரு சிவப்பு. தூக்குச்சட்டியைத் திறக்கச் சொன்ன கேட்டைவிட அடர்த்தியான சிவப்பு.

"இங்க என்ன இருக்கு?" என்றேன். அங்கே வழவழப்பான தரை. படி இல்லை, மேடு இல்லை. அதற்கு எதிரே என் நாற்காலிதான்.

தமயந்தி பதிவில் அந்தச் சிவப்பின் நேரத்தைப் பார்த்தாள். தினமும் காலை, பூங்காவனம் உள்ளே நுழைந்து நிற்கும் நேரம்.

"நான் ஒருநாள்கூட அவளைக் கடிஞ்சு பேசினதில்ல தமா. வேதமூர்த்தி வீட்டுல தட்டு விழுந்தாக் கத்துவாங்க. நான் சிரிக்கத்தானே வெச்சேன்? அவளும் சிரிச்சாளே."

"சிரிச்சா," என்றாள் தமயந்தி. "பிடிக்காம சிரிக்கிறதுக்கு எவ்வளவு செலவாகுதுன்னு இப்பத்தான் பாக்கறேன்." அப்புறம் தாழ்ந்த குரலில், "தினமும் நானும் பக்கத்துலதான் இருந்தேன்," என்றாள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாமல். நெஞ்சு துடிப்பதை வைத்து ஒரு இயந்திரம் மனுஷனுக்கு மார்க் போடுவதா? நல்லெண்ணம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு எந்த நிறம் வைத்திருக்கிறார்கள்? நேரில் இரண்டு வார்த்தை பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பட்டது. சனிக்கிழமை காலை சின்ன கேட்டுக்குப் போய் நின்றேன்.

தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டேன். அன்றைக்குத் துணைக்கால் இல்லை. பட்டை மாற்றக் கொடுத்திருக்க வேண்டும். கையில் ஒரு கம்பை ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, மெதுவாக நடந்து வந்தாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இடையில் இயந்திரம் கிடையாது, மனுஷனுக்கு மனுஷன் பேசிக்கொள்ளலாம்.

கேட்டிலிருந்து உள்ளே போகும் நடைபாதை குறுகலானது, ஒரு ஆள்தான் போகலாம். இரண்டு பக்கமும் தண்ணீர் விட்டு ஊறிய புல்தரை, அதற்கு ஒரு சாண் உயரக் கரை. நான் பாதை நடுவில் நின்றேன். அவள் எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, மறுபடியும் வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

"என்ன தளபதியம்மா," என்றது என் வாய், "இன்னிக்கு நடராஜா சர்வீஸா?"

அவள் முந்தானையைத் தேடவில்லை. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, எனக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தாள். கம்பைப் புல்லில் ஊன்றினாள். வலது காலைத் தூக்கிக் கரைமேல் வைத்தாள், அந்த முழங்கால் வலித்ததை அவள் உதட்டில் பார்த்தேன். அப்புறம் இடது கால். ஈரப் புல்லில் ஒவ்வொரு எட்டாக வைத்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய், எனக்குப் பின்னால் மறுபடி பாதையில் இறங்கி, சி பிளாக்கைப் பார்த்து நடந்தாள்.